ஸ்பானியம் கற்க ஆங்கில வாசற்படி எதற்கு?

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் திண்டிவனம் கமிட்டியிலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சரக்கு எது என்று அந்த வட்டாரத்து உழவரைக் கேட்டுப் பாருங்கள். 'நிலக்கடலை' என்று புத்தகத் தமிழில் பதில் வராது. 'மணிலா' என்பார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரிக்கும்போது அதே பண்டம் 'மல்லாட்டை' ஆகிவிடும். மணிலாக் கொட்டைதான் நாக்கில் உருண்டு, தேய்ந்து, மல்லாட்டையாகி நிற்கிறது.

மணிலா எந்த நாட்டு ஊர்? பிலிப்பைன்சின் தலைநகர். 1571-இல் ஸ்பானியர் பிடித்துத் தலைநகராக்கி, இடையில் இரண்டோர் ஆண்டு நீங்கலாக, 1898 வரையில் ஆண்ட ஊர். நிலக்கடலையின் தாயகமோ தென் அமெரிக்கா. ஸ்பானியக் கப்பலேறிப் பசிபிக்கைக் கடந்த கொட்டை, தான் தங்கி வந்த ஊரின் பெயரைத் தென்னார்க்காட்டுச் செம்மண்ணிலும் ஊன்றிவிட்டது. பின்னாளில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் புதிய கடலை வகைகளைக் கண்டு, தன் ஊர்ப் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்று எண் போட்டு நாடெங்கும் அனுப்பியது.

பொருள் வந்தது, பெயரும் வந்தது. ஆனால் நம் உழவன் அந்தப் பெயரின் முன் கைகட்டி நின்றானா? 'ஐயா, தங்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஆங்கிலத் துரையிடம் கேட்டு வருகிறேன்' என்றானா? இல்லை. காதால் கேட்டான், தன் நாக்கால் சொன்னான், தனதாக்கிக்கொண்டான். எழுத்தறியாத அந்த உழவனுக்கு இருந்த துணிச்சல், பட்டம் பெற்ற அவன் பேரனுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

இருபது நாடுகளில் ஆட்சிமொழி ஸ்பானியம். ஐக்கிய நாடுகள் மன்றத்தின் ஆறு மொழிகளில் ஒன்று. கணிப்பொறி வேலைக்கும், கப்பல் வேலைக்கும், மேற்படிப்புக்கும் பயன்படும் என்று கேள்விப்பட்டு நம் இளைஞர்கள் அதைக் கற்க முனைகிறார்கள். மகிழ்ச்சி! மெத்த மகிழ்ச்சி! ஆனால் எப்படிக் கற்கிறார்கள்? கையில் கிடைப்பது ஆங்கிலேயனுக்காகவும் அமெரிக்கனுக்காகவும் எழுதிய பாடம். 'இந்த எழுத்து ஆங்கிலத்தில் இன்ன சொல்லில் வருவதுபோல் ஒலிக்கும்' என்கிறது அது. ஆங்கிலேயன் வீட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்து, அவன் அடுக்களையைச் சுற்றி, அங்கிருந்து ஸ்பானியன் வீட்டுக்குப் போகும் வழி! நேர் வழி ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. அதன் பெயர் தமிழ் அரிச்சுவடி.

'அதெப்படி? ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒரே ரோமானிய எழுத்தல்லவா? ஆங்கிலம் அறிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்ததே' என்று சில மேதாவிகள் புருவம் உயர்த்துவர். எழுத்தின் உருவம் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஒலியோ வேறு. உருவம் ஒன்றாயிருப்பதுதான் கேடே. பழகிய முகத்தைப் பார்த்ததும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது நாக்கு.

முதலில் உயிரெழுத்து. ஸ்பானியத்தில் உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, எங்கே வந்தாலும் அதுவே. ஆங்கிலத்தில் முதலெழுத்தின் பெயர் 'ஏ'. ஒரு சொல்லில் அது 'ஆ', இன்னொன்றில் 'ஏ', மற்றொன்றில் இரண்டுங்கெட்டான். இந்தக் குழப்பத்தில் பன்னிரண்டு ஆண்டு ஊறிய மாணவன் ஸ்பானிய ஏட்டைத் திறந்ததும் தடுமாறுகிறான். அ, எ, இ, ஒ, உ என்று முதல் வகுப்பில் ஓதிய வாய்க்கு என்ன தடுமாற்றம்? வீடு என்பதற்குக் 'காஸா'. மேசைக்கு 'மேஸா'. போர்த்துக்கீசியர் நமக்குத் தந்துபோன மேசைதான், பக்கத்து வீட்டு ஸ்பானியனிடமும் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாட்டால் அவர்கள் மொழியில் பொருள் மாறாது. அழுத்தம் விழும் இடத்தில் உயிர் சற்று நீளும், அவ்வளவே.

அடுத்து, 'டி' என்று ஆங்கிலத்தில் சொல்லும் எழுத்து. அன்பர்களே, 'திண்டிவனம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'தி' என்னும்போது நாக்கின் நுனி பல்லைத் தொடுகிறது. 'டி' என்னும்போது வளைந்து மேலண்ணத்துக்குப் போகிறது. ஓர் ஊர்ப் பெயரிலேயே இரண்டு பாடம்! ஆங்கிலேயனின் நாக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கோ தங்கிவிடும். ஸ்பானியனுக்கு உரியது முதலாவது, பல்லைத் தொடும் தகரம். தக்காளிக்கு அவன் சொல் 'தொமாத்தே'. ஆங்கில வழியில் கற்றவன் 'டொமாட்டே' என்பான், தமிழ் வழியில் கற்றவன் முதல் நாளே சரியாகச் சொல்வான். ப, க ஆகியவையும் அப்படியே. ஆங்கிலேயன் சொல்லின் தொடக்கத்தில் அவற்றை ஊதிச் சொல்வான், கையை வாயருகே வைத்தால் காற்று படும். ஸ்பானியனும் நாமும் ஊதுவதில்லை. ஊதக் கற்றுக்கொள்ள ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டி, பிறகு ஊதாதிருக்கக் கற்க வேறொரு கட்டணம் கட்டுவது எந்த ஊர்ச் சிக்கனம்?

இன்னொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சிற்றூரிலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ படிக்க வரும் பிள்ளை, 'இஸ்கூல்' என்கிறான், 'இஸ்டேசன்' என்கிறான். உடனே ஒரு சிரிப்பு! நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சில இடங்களில் ஆசிரியரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் கூனிக் குறுகிய பிள்ளை, வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறான். எத்தனை அறிவு அப்படி ஊமையாயிற்று என்று கணக்கெடுத்தவர் யார்?

சிரித்தவர்கள் ஸ்பெயினுக்குப் போய்ப் பார்க்கட்டும். பள்ளிக்கு அங்கே 'எஸ்குவேலா'. நிலையத்துக்கு 'எஸ்தாசியோன்'. மாணவனுக்கு 'எஸ்துதியாந்தே'. நாட்டின் பெயரே 'எஸ்பாஞா'! இலத்தீனில் 'ஸ்கோலா' என்று ஒற்றில் தொடங்கிய சொல்லுக்கு முன்னால் ஸ்பானிய மக்கள் ஓர் எகரத்தை வைத்தார்கள். காரணம் என்ன? 'ஸ்' என்னும் ஒற்றோடு இன்னோர் ஒற்று மோதித் தொடங்குவது அவர்கள் நாக்குக்கு ஒவ்வவில்லை. நம் நாக்குக்கும் ஒவ்வாது, ஆகையால் நாம் இகரம் வைக்கிறோம். இராமன், இலக்கம், உரோமம் என்று வேற்றுச் சொல்லுக்கு முன்னால் உயிர் சேர்த்து எழுதச் சொன்ன இலக்கண மரபின் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் 'இஸ்கூல்'. அங்கே அது அகராதியில் ஏறி அரியணையில் இருக்கிறது. இங்கே பட்டிக்காட்டான் பேச்சென்று பின்வரிசையில் கிடக்கிறது. நாக்கின் இயல்பு இரண்டு நாட்டிலும் ஒன்று, மதிப்பில்தான் இத்தனை வேற்றுமை! ஸ்பானியம் கற்பிக்கும் வகுப்பில், 'இஸ்கூல்' என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். 'எஸ்குவேலா' அவன் வாயில் வழுக்கிக்கொண்டு வரும்.

ரகரத்துக்கு வருவோம். ஸ்பானியத்தில் 'ஆனால்' என்பதற்கு ஒரு சொல், 'நாய்' என்பதற்கு ஒரு சொல். இரண்டுக்கும் வேற்றுமை நடுவில் உள்ள ரகரம் ஒன்றுதான். முன்னதில் ஒற்றை எழுத்து, பின்னதில் இரட்டை. ஆங்கில வழிப் பாடம் இதை விளக்கப் பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறது. நமக்கோ ஒரே வரி போதும்: முன்னது 'பெரோ', பின்னது 'பெறோ'. இடையின ரகரம், வல்லின றகரம்! அரம் வேறு, அறம் வேறு என்று படித்தோமே, கரி வாங்கி வரச் சொன்னால் கறி வாங்கி வரக்கூடாது என்று ஆசிரியர் காதைத் திருகினாரே, அந்தப் பாடம்தான். இன்று பேச்சில் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். குமரிப் பக்கத்தார் நாக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்பானியம் கற்கப்போய், தொலைந்துபோன நம் றகரம் திரும்பக் கிடைத்தால் அதுவும் ஆதாயமே.

நம் வல்லினத்துக்கு ஒரு குணமுண்டு. 'பந்து' என்பதில் தகரம் மெல்லினத்தை அடுத்து ஒருவிதமாக ஒலிக்கிறது, 'பாதம்' என்பதில் இரண்டு உயிருக்கு நடுவில் இளகுகிறது. ஸ்பானியத்திலும் இதே இளக்கம். 'எங்கே' என்பதற்குத் 'தோந்தே', அதன் பின்தகரம் பந்தில் வருவது. விரலுக்குத் 'தேதோ', அதன் பின்தகரம் பாதத்தில் வருவது. ஏரிக்கு 'லாகோ', அதன் ககரம் 'அகம்' என்பதில் வருவதுபோல் மெலிந்து வருவது. ஆங்கிலேயன் இந்த இளக்கத்தை முயன்று பழக வேண்டும். நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எல்லாம் தமிழில் அடங்கிவிடும் என்று மார்தட்ட நாம் வரவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளை ஏய்ப்பதாகும். சொல்லின் முதலில் வரும் பகரத்தை ஸ்பானியர் இரண்டு விதமாக ஒலிப்பர். ஒன்று 'பல்' என்பதன் பகரம், மற்றது 'கம்பு' என்பதன் பகரம். 'பேஸோ' என்று தமிழில் எழுதினால், முதல் விதத்தில் அது மெக்சிக்கோவிலும் பிலிப்பைன்சிலும் வழங்கும் நாணயம், இரண்டாம் விதத்தில் முத்தம். கடைக்காரனிடம் சில்லறை கேட்கப்போய் வேறொன்றைக் கேட்டு வைத்தால் வம்பு! ஆகவே தமிழெழுத்தின் மேல் ஒரு புள்ளியோ கீழே ஒரு கோடோ இட்டுக் காட்டத்தான் வேண்டும். 'தொமாத்தே' என்பதில் ஒலி இளகாமலிருக்க நாம் இட்ட ஒற்றை அழுத்திச் சொல்லக்கூடாது என்பதையும் எச்சரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஜே' எனப்படும் எழுத்தை அவர்கள் தொண்டையை உரசிச் சொல்கிறார்கள், அதற்குக் கிட்ட வருவது நம் ஆய்தம். ஆய்தம் பண்டு எப்படி ஒலித்தது என்று புலவர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும், அதற்கு இப்படியொரு வேலை கொடுத்தால் குறைந்தா போகும்? 'எச்' எழுத்துக்கு ஒலியே கிடையாது, எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'வி' எனப்படுவதை அவர்கள் கம்பில் வரும் பகரமாகவே ஒலிப்பார்கள். 'எல்' இரண்டு சேர்ந்தால் பெரும்பாலான நாடுகளில் யகரம்.

இந்தக் கடைசி இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு விழுப்புரம் சந்திப்புக்கு வாருங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்குக்கும் தண்டவாளம் பிரியும் பெரிய நிலையம். பெயர்ப்பலகையில் ரோமானிய எழுத்தில் 'வி'யும் இரட்டை 'எல்'லும் போட்டு எழுதியிருக்கிறது. ஸ்பானியன் ஒருவன் இறங்கிப் படித்தால் என்ன சொல்வான்? 'பியுபுராம்' என்பான்! ஆங்கிலேயன் 'வில்லுபுரம்' என்பான். நம் மாவட்ட அலுவலகமோ 'எல்' ஒன்றைக் குறைத்து, 'பி' ஒன்றைக் கூட்டி வேறொரு விதமாக எழுதுகிறது. விழு என்றால் மேன்மை. அந்த மேன்மையைப் பறித்துக் கையில் ஒரு வில்லைக் கொடுத்துவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், பலகையை ஆங்கிலத்தில் படித்த நம் பிள்ளைகளே 'வில்லுப்புரம்' என்கிறார்கள்.

இதைத் திருத்த 2020-ஆம் ஆண்டில் ஒரு முயற்சி நடந்தது. 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அன்றைய அரசு ஆணையிட்டது. ஜூன் மாதம் பட்டியல் வெளியாயிற்று, அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. வேலூருக்கு 'ஈ' இரண்டு போட்டார்கள், படித்தவர்கள் 'வீலூரா?' என்று நகைத்தார்கள். நோக்கம் நல்லது, கருவி தவறு. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் ஏற்றி, அதை மீண்டும் ஆங்கிலக் காதால் கேட்டுச் சரிபார்த்தால் இப்படித்தான் முடியும். 'இசட்'டும் 'எச்'சும் சேர்த்து ழகரம் என்கிறோம். ஸ்பானியன் அதைப் படித்தால் விழுப்புரம் 'பிஸுப்புராம்' ஆகும்!

ஸ்பானியர் தங்கள் எழுத்தை எப்படிக் காத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு தனியெழுத்து உண்டு. 'என்' எழுத்தின் தலைமேல் ஓர் அலைக்கோடு, ஒலியோ நம்முடைய ஞகரமேதான். இலத்தீனில் இரட்டித்து வந்த னகரத்தை ஏடெழுதுவோர் இடம் மிச்சப்படுத்த ஒன்றன் தலையில் மற்றொன்றைச் சிறிதாக ஏற்றினார்கள், அதுவே அலைக்கோடாயிற்று. அதை விட்டுவிட்டால் கேடு சிறிதல்ல. ஆண்டு என்பதற்கு 'ஆஞோ'. அலைக்கோடு போனால் வெளியில் சொல்லக் கூசும் உடலுறுப்பின் பெயராகிவிடும். 1991-ஆம் ஆண்டில், அந்த எழுத்தில்லாத கணிப்பொறி விசைப்பலகைகளை நாட்டில் விற்கக்கூடாது என்ற ஸ்பெயினின் விதி வணிகத்துக்குத் தடை, அதை நீக்கு என்றது ஐரோப்பியச் சமூகம். பணிந்தார்களா? எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கார்சியா மார்க்கேஸ் கண்டனக் குரல் எழுப்பினார். 1993-இல் ஸ்பெயின் அரசு ஆணை பிறப்பித்து அந்த எழுத்தை நிலைநிறுத்திற்று. இன்று அவர்கள் மொழியைப் பரப்பும் செர்வாந்தேஸ் நிறுவனத்தின் சின்னமே அந்த எழுத்துத்தான். புதுதில்லியிலும் அதற்குக் கிளையுண்டு.

ரோமானிய எழுத்து ரோமாபுரியிலிருந்து அவர்களுக்கு வந்தது. அதன் முன் மண்டியிடாமல் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்தார்கள், காலத்துக்கு ஏற்பத் திருத்தவும் செய்தார்கள். தென் அமெரிக்க அறிஞர் ஆந்திரேஸ் பேயோ, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தே போதும் என்று 1823-இல் எழுதினார். சீலி நாடு 1844-இல் அந்தத் திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று 1927 வரையில் வழங்கியது. 'சே' என்றும் 'எயே' என்றும் தனியெழுத்தாக எண்ணிவந்த இரண்டை 2010-இல் நெடுங்கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள், இன்று 27 எழுத்து. நம்மிடமும் இந்த வரலாறு இல்லாமலில்லை. பெரியார் 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம், 43 ஆண்டு காத்திருந்து 1978-இல் அரசாணையாயிற்று. றா, னை ஆகியவற்றின் பழைய கொம்புகளை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் என்ன எழுத்தென்று கேட்பார்கள்.

தமிழெழுத்தால் ஐரோப்பியச் சொல்லை எழுதுவது புதுமையன்று. 1554-இல் லிசுபன் நகரில் தமிழை ரோமானிய எழுத்தில் அச்சிட்டார்கள். 24 ஆண்டு சென்று, 1578-இல், கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டார். பாதிரியார்கள் நம் எழுத்தை நாடி வந்தார்கள். நாமோ அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ தேடுகிறோம்!

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு கலைக்கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி பெயரில் ஒன்று இருக்கிறது. இரண்டு ஊரிலும் பொறியியல் கல்லூரி உண்டு. மாலையில் ஒரு மணி நேரம், வாரம் இரண்டு நாள், ஓர் அறை திறந்துவிட்டால் போதும். புத்தகம்? நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ் வழி ஸ்பானிய அரிச்சுவடி. தமிழறிந்த ஒருவரும் ஸ்பானியமறிந்த ஒருவரும் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுத்து, அதற்கு நேரே தமிழொலி, நம் சொல் ஒன்று, அவர்கள் சொல் ஒன்று, போதாத இடத்தில் ஒரு குறி. பாடநூல் கழகம் அச்சிட்டால் பத்து இருபது ரூபாய்க்குக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் தேறாதவனுக்கு அயல்மொழி எட்டாது என்ற பொய் அந்த இருபது ரூபாயில் அடிபட்டுப் போகும். அமைச்சரவைக்குப் போக வேண்டிய பெரிய கோரிக்கையன்று இது. துணைவேந்தர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு பருவத்தில் நடக்கும்.

அரிச்சுவடியின் முதல் சொல் எதுவாக இருக்கலாம் என்பதற்கும் நம்மிடம் ஒரு யோசனையுண்டு. கடலைக்கு ஸ்பெயினில் ஒரு பெயர், மெக்சிக்கோவில் அதை ஒட்டிய இன்னொன்று. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அதன் பெயர் 'மனீ'. இரண்டாம் எழுத்தில் அழுத்தம், அதைக் காட்டத் தலைமேல் ஒரு கோடு. மல்லாட்டை விளையும் ஊர்ப் பிள்ளை அந்தச் சொல்லை மறக்கமாட்டான்.